மணல் குழியின் மையம்

1

மைசூருக்குக் குடிவந்து இந்த ஜூனோடு இருபது ஆண்டுகள் ஆயின. அதைப் பற்றி எழுதித் தரும்படி தாராபுரத்திலிருந்து என் தங்கை வளர்மதி கேட்டிருந்தாள். அவளும் அவள் தோழிகளும் ஒரு சிறு இதழ் நடத்துகிறார்கள். ஊரைவிட்டுப் போனவர்களுக்கென்று அதில் சில பக்கங்கள் உண்டு. துபாயிலும் கனடாவிலும் இருப்பவர்கள்தான் அதில் எழுதுவார்கள்.

"நான் எங்கடி வெளிநாட்டுல இருக்கேன்? பஸ் ஏறுனா சாயங்காலம் வந்துருவேன்" என்றேன்.

"நீயும் வெளிநாடுதான்க்கா. போன வாரம் போன்ல 'ஆய்த்து ஆய்த்து'ங்கற. தும்மறயாக்கும்னு நெனச்சேன்."

கன்னடத்தில் ஒரு காரியம் முடிந்துவிட்டது என்பதை அப்படித்தான் சொல்வார்கள். நான் சொன்னது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

இருபது ஆண்டுகளையும் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஜூலையில் எங்கள் பள்ளி மைதானத்தில் நடந்ததைத் தாண்டி எதுவும் எழுத வரவில்லை. எல்கேஜி பிள்ளைகள் தினமும் விளையாடும் மைதானம் அது. அவர்களுக்கு நேரவிருந்த ஒன்றைப் பற்றியது என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். விஜயநகரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணவர் சேகர் கொள்ளேகாலைச் சேர்ந்தவர், இங்கே காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஒரே மகள் நிவேதா. இந்த ஆண்டு என் வகுப்பிலேயே இருக்கிறாள். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் நான் அவளுக்கு 'மிஸ்'. தமிழில் கூப்பிடக்கூடாது, டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நீட்டக்கூடாது என்பவை அவள் போட்ட விதிகள். வீட்டிலும் நான் தமிழில் கேட்பதற்குக் கன்னடத்தில்தான் பதில் வரும்.

விஜயநகரில் யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் முதல் கேள்வி, "நிம்ம ஊரு யாவுது?" உங்கள் ஊர் எது என்று. ஹாசன் என்பார்கள், மேலுக்கோட்டை என்பார்கள், கொள்ளேகால் என்பார்கள். இதே ஊர் என்று சொன்ன ஒருவரை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. முன்பு வயலும் மேடுமாகக் கிடந்த இடம். லேஅவுட் போட்டார்கள், மனை வாங்கினோம், வந்தோம். இங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் என்னைப் போல வந்தவர்கள்தானே என்பது வெகுகாலம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

2

வட்டங்கள் பாடத்தை நான் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. ஆளுக்கொரு செய்தித்தாள் துண்டு, ஒரு டிபன் மூடி. மூடியைச் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். வட்டத்தைப் பாதியாக மடித்துப் பிரித்தால் ஒரு கோடு. வேறு பக்கமாக மடித்துப் பிரித்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் மையம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது குழந்தை விளையாட்டு. சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

அடுத்த நாள் மடிக்கக்கூடாது என்பேன். வளையலை வைத்து நோட்டில் வரைந்த வட்டம். அதன் மேல் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் அது ஒரு நாண். நாணின் சரிபாதியிலிருந்து செங்குத்தாகக் கோடு இழுத்தால் அது மையத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு நாண்கள், இரண்டு கோடுகள், அவை சந்திக்கும் இடம் மையம். வட்டத்தில் பெரும்பகுதியை அழித்துவிட்டு வில் என்கிற ஒரு சிறிய வளைவை மட்டும் விட்டுவைத்தாலும் இது நடக்கும். ஒரு துண்டு இருந்தால் முழுவதையும் மீட்டுவிடலாம்.

பிரணவ் என்று ஒருவன் இருக்கிறான். எந்தப் பாடத்திலும் அவனிடமிருந்து ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் பேசுவது கன்னடமும் ஆங்கிலமும் கலந்து. இங்கே பெரும்பாலும் தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ், மையத்தைக் கண்டுபிடிச்சு நாங்க என்ன பண்ணப்போறோம்? பீட்சா வெட்டவா?"

"உன் கிட்ட குடுத்தா வெட்டவே மாட்டே, முழுசாத் தின்னுடுவே" என்றாள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து சைத்ரா.

"வட்டம் முழுசா இருக்கறப்ப மையம் தேவையில்லப்பா. உடைஞ்சு கிடக்கறப்பதான் தேவை" என்றேன். மூன்றாம் நாள் கயிறும் குச்சிகளும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம்.

3

ஜூனில் நல்ல மழை. பிறகு இரண்டு வாரம் வெயில் காய்ந்தது. மைதானத்தில் புல் பச்சையாக இருந்தது. நான் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சைத்ரா கூப்பிட்டாள்.

"மிஸ், இல்லி நோடி, இங்க பாருங்க. யாரோ ஏற்கெனவே வரைஞ்சு வச்சிருக்காங்க."

பச்சைப் புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பட்டை. வளைந்து போயிற்று. மாடு நடந்த தடமோ தண்ணீர் ஓடிய தடமோ இப்படி வளையாது. காம்பஸ் வைத்து இழுத்தது போல இருந்தது. ஒரு முனை சிமெண்ட் நடைபாதைக்கு அடியில் போய் மறைந்தது. மறுமுனை புல் முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தில் காணாமல் போனது. அந்த வெறும் மண்ணைத் தாண்டி எல்கேஜி பிள்ளைகளின் மணல் குழி.

பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த வில்லின் வட்டத்தை முடித்துக் காட்டுங்கள் என்றேன்.

பிள்ளைகள் உற்சாகமாக இறங்கினார்கள். வில்லின் மேல் குச்சிகளை நட்டார்கள். ஒவ்வொரு நாணின் இரு முனையிலிருந்தும் ஒரே நீளக் கயிற்றை இழுத்து, சந்திக்கும் இடங்களை அடையாளம் வைத்துச் செங்குத்துக் கோடுகளைப் பிடித்தார்கள். பட்டை நன்றாகத் தெரிந்த இடத்திலேயே இரண்டு நாண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்தார்கள். மணி அடிக்கப்போகிற அவசரம். கோடுகள் சந்தித்த இடத்தில் பிரணவ் ஒரு மர முளையை வைத்துக் கல்லால் அடித்தான்.

முதல் அடியிலேயே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சத்தம் முளையிலிருந்து வரவில்லை. எங்கள் கால்களுக்குக் கீழேயிருந்து, சற்றுத் தாமதமாக வந்தது. பிரணவ் இன்னொரு முறை அடித்தான். இன்னொரு முறை வந்தது.

"கீழ யாரோ பதிலுக்கு அடிக்கறாங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

முளையில் கயிற்றைக் கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் வட்டத்தை வரைந்து முடித்தார்கள். ஒரு சின்ன அறை அளவுக்கு வந்தது. நான் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் போன பிறகும் நின்றேன்.

4

தாராபுரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் எதை நினைத்தேன் என்று சொல்லவேண்டியதில்லை. மண்ணுக்கடியில் கல் சுவர் இருந்தால் அதன் மேல் புல்தான் முதலில் காயும். எங்கள் பக்கத்துக் காடு தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை! ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நொண்டியார் கிணறு, தேவாத்தா கிணறு, ரெட்டைப் பாறைக் கிணறு. ஒவ்வொன்றிலும் யார் விழுந்தார்கள், யாரைத் தள்ளினார்கள், எந்த வேளையில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். தேவாத்தா கிணற்றைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். வளர்மதி அந்த இடம் வந்ததும் என் பாவாடையைப் பிடித்துக்கொள்வாள். தேவாத்தா என்று ஒருத்தி இருந்தாளா என்பதுகூட நிச்சயமில்லை. ஆனால் எங்களில் ஒருவரும் அதில் விழவில்லை.

விஜயநகரில் இந்தக் கிணற்றுக்கு, அது கிணறாக இருந்தால், பெயர் இல்லை. பெயர் இல்லாததால் பயமும் இல்லை. அதன் மேல் காலையில் பிரார்த்தனைக்கு நிற்கிறோம்.

5

எங்கள் முதல்வர் அம்மாள் நல்லவர், காரியக்காரர். வந்து பார்த்தார். "மேடம், இது லேஅவுட் வரைபடத்தில் விளையாட்டு மைதானம். கிணறு இருந்தால் வரைபடத்தில் காட்டியிருப்பார்களே" என்றார். சரி, விசாரித்து எழுத்தில் வாங்கி வாருங்கள் என்றும் சொன்னார்.

மனுவைக் கன்னடத்தில் எழுதவேண்டும். பேசுவேன், படிப்பேன், என் எழுத்து மட்டும் இன்னும் இரண்டாம் வகுப்பு. நிவேதா எழுதிக் கொடுத்தாள். 'பழைய கிணறு இருக்கக்கூடும்' என்று எழுதினாள். லேஅவுட் போட்ட அலுவலகத்தில் எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "இருக்கா, இருக்கக்கூடுமா?" என்று கேட்டார்.

"அதைத்தான் நீங்க சொல்லணும் சார்."

"எங்க கோப்பெல்லாம் மாநகராட்சிக்குப் போயாச்சு."

மாநகராட்சியில், பழைய சர்வே எண்ணைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். பழைய சர்வே எண் லேஅவுட் அலுவலகத்தில்தான் கிடைக்கும். திரும்பவும் அங்கே போனேன். எழுத்தர் ஒரு வரைபடத்தை விரித்தார். விஜயநகர் முழுவதும் கட்டம் கட்டமாக இருந்தது. எங்கள் பள்ளி இருக்கும் கட்டத்தில் 'மைதானம்' என்ற சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை. வெள்ளை.

"மைதானம்னு போட்டிருக்கு. அதனால மைதானம்தான்" என்றார்.

பிறகு பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் கேட்டேன். மாவு மில்காரர், தையல் கடைப் பெண், மூன்றாம் குறுக்குத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது. "நாவு ஆமேலெ பந்தவரு." நாங்கள் பிறகு வந்தவர்கள். மில்காரர் தனக்கு முன் வந்தவர் என்று ஆசிரியரைக் காட்டினார். ஆசிரியர் தனக்கு முன் வந்தவர் என்று சம்பத் மாமாவைக் காட்டினார். சம்பத் மாமா மேலுக்கோட்டைக் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுபவர். இந்த லேஅவுட்டில் முதல் வீடு கட்டியவர் என்று பெயர்.

"நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே கிடையாதும்மா. வெறும் வெளி. கிணறு இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமோ?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பள்ளிப் பக்கம் பார்த்தார். "வீடு கட்டறச்சே தண்ணிக்கு என்ன பண்ணினோம்னு நீ கேக்கறதுக்கு முன்னாடி நான் யோசிச்சதே இல்லை. லாரியில வந்திருக்கும்."

அந்த வரிசையில் அவருக்கு முன் யாரும் இல்லை.

இருந்தாலும் முதல்வர் அம்மாள் அலட்சியமாக விடவில்லை. பிள்ளைகள் வரைந்த சுண்ணாம்பு வட்டத்தைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்புக் கயிறு கட்டச் சொன்னார். பிரார்த்தனை வரிசைகள் ஓரமாக நகர்ந்தன. எனக்கும் நெஞ்சு லேசானது. மணல் குழி கயிற்றுக்கு வெளியே இருந்தது.

6

அந்த மணல் குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே தரை இயல்பாகவே கொஞ்சம் பள்ளம். அதனால்தான் மணல் கொட்ட அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஆண்டு ஜூனில் நிரப்பியது, ஜூலைக்குள் இறங்கிவிட்டது. மறுபடி ஒரு டிராக்டர் மணல் கொட்டினார்கள். அதுவும் இறங்கியது. எல்கேஜி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சிவம்மா, "நென்னெதானே ஹாகித்து, இவத்து நோடி" என்று கையை விரித்தாள். நேற்றுத்தான் போட்டார்கள், இன்று பாருங்கள் என்று.

பழி காவலாளி பொன்னுசாமியின் மேல் விழுந்தது. ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். பள்ளியில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். பஸ் ஓட்டுநர்கள் அவரைப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்கு எத்தனை லோடு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

"மண்ண வித்து நான் மாடி ஊடு கட்டீட்டனாமுங்க டீச்சர்" என்றார் என்னிடம். "கட்டீருந்தா இந்த வெயில்ல கேட்டப் புடிச்சுட்டு எதுக்குங் நிக்கறேன்? மாடில நின்னு இவனுகளுக்குக் கை காட்ட மாட்டனா?"

"விடுங்கண்ணா. பூனை நாய் கலைச்சிருக்கும்."

"நாயெங்கீங் வருது? ஒரு நாய் அதுல கால் வெக்காதுங். மணல் கண்டா நாய்க்குப் படுக்கணும். இங்க வந்து மோந்து பாத்துட்டுப் போயிருதுங்."

மணல் மட்டுமல்ல, பொம்மைகளும் குறைந்தன. ஒரு நீல வாளி, சில பந்துகள். அதிதி என்று ஒரு எல்கேஜி குழந்தை, மிகவும் சின்ன உருவம், வாளி எங்கே என்று சிவம்மா கேட்டதற்கு மணல் தின்றுவிட்டது என்றாளாம். பொய் சொல்லக்கூடாது என்று சிவம்மா அதட்டியிருக்கிறாள். அதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நானும் சிரித்தேன். கயிறு கட்டியிருந்த இடம் வேறு அல்லவா?

7

அடுத்த வாரம் ஓர் உடைந்த தட்டைக் கொண்டுபோனேன். வீட்டில் உடைந்த ஒரு பீங்கான் தட்டின் விளிம்புத் துண்டுகள். குழுவுக்கு ஒன்று. துண்டை வைத்து வரைந்து, தட்டு முழுவதும் எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே தட்டுதான். ஆகவே எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வட்டம் வரவேண்டும்.

வரவில்லை. சைத்ராவின் குழுவுக்குச் சரியான அளவு வந்தது. நிவேதாவின் குழுவுக்கு ஒரு கிண்ணம் அளவுக்குத்தான் வந்தது.

"உங்க வீட்டுல சட்னி மட்டும்தான் சாப்பிடுவீங்களா?" என்று பிரணவ் நிவேதாவைக் கேட்டான்.

இந்த இடத்தில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. நாண்களைச் சிறிதாகவும் பக்கத்தில் பக்கத்திலும் எடுத்தால், செங்குத்துக் கோடுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் போகும். பென்சில் முனை நூலளவு பிசகினாலும் அவை சந்திக்கும் இடம் வெகுதூரம் தள்ளிப் போய்விடும். நாண்களை வில்லின் இரண்டு கடைசி முனைகளிலிருந்து, நீளமாக எடுக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். கடைசிக் கோட்டை இழுத்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா."

வகுப்பில் அவள் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பினேன். நிவேதா எழுந்து நின்றிருந்தாள். கையில் தட்டுத் துண்டு.

"அம்மா, கிரவுண்ட்லயும் நாம இப்படித்தானே எடுத்தோம்? பக்கத்துல பக்கத்துல?"

தமிழில்தான் சொன்னாள். வகுப்பில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே மணல் குழியில் எல்கேஜி பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் பின்னால் வர, படிக்கட்டில் இறங்கும்போதே நீள நாணை மனத்துக்குள் எடுத்துப் பார்த்தேன். ஒரு முனை நடைபாதையருகே, மறுமுனை வெறும் மண்ணருகே. கோடு எங்கே போகும் என்று கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை.

கத்தினால் பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள், ஓட்டம்தான் கூடாது. சிவம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கை தட்டினாள். ஒரு குழந்தையும் அசையவில்லை. நிவேதா குழியின் விளிம்பில் நின்று இடுப்பில் கைவைத்து, ரயில் புறப்படப்போகிறது, பெட்டியெல்லாம் வரலாம் என்று கன்னடத்தில் குரல் கொடுத்தாள். பிரணவ் வாயில் கையைக் குவித்துக் கூவினான். குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையானார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இன்ஜினாகவும் கார்டாகவும் நின்று அவர்களை நடைபாதைப் பக்கம் நடத்திப் போனார்கள்.

அதிதி மட்டும் வரவில்லை. குழியின் நடுவில் குப்புறப் படுத்திருந்தாள்.

சிவம்மா ஓர் அடி எடுத்து வைத்தாள். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் இருவரில் யார் இறங்கினாலும் பாரம் அதிகம். கயிறு எங்கே என்று தேடினேன். வகுப்பிலேயே விட்டிருந்தேன். பொன்னுசாமியைக் கூப்பிடத் திரும்பினேன். அந்த இடைவெளியில் நிவேதா ஷூவைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டாள்.

அவள் பெயரைச் சொன்னால் அந்தச் சத்தத்துக்கே தரை போய்விடும் என்று தோன்றியது. அவள் பாதங்களை முழுதாக ஊன்றி, தூங்குபவர்களைத் தாண்டிப் போவது போல நடந்தாள். அதிதியின் பக்கத்தில் குனிந்தாள். அதிதி தலையைத் தூக்காமல் உதட்டில் விரலை வைத்தாள். மணலில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைத்தாள்.

"பருத்தெ, பருத்தெ" என்று சிரித்தாள். வரும், வரும் என்று.

என் மகளும் ஒரு கணம் காதைச் சாய்த்தாள். பிறகு அதிதியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, போன வழியிலேயே திரும்பி வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மணல் ஒரு பிடிகூடச் சரியவில்லை.

அதன் பிறகு கயிற்றை எடுத்துவரச் செய்து நீள நாண்களை வெளியிலிருந்தே அளந்தோம். மையம் குழியின் நடுவில். வட்டத்தின் மறுபக்கம் எல்கேஜி அறையின் முதல் படியைத் தொட்டது. முதலில் வரைந்த சிறிய வட்டம் அதற்குள், ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபத்தைச் சுற்றி என்று நினைத்து அதற்குள்ளேயே வேலி போட்டிருக்கிறோம்.

முதல்வர் அம்மாள் எல்கேஜி அறையைப் பூட்டிப் பிள்ளைகளை மாடிக்கு மாற்றினார். ஆனால் அவர் முகம் சரியில்லை. "நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். பெற்றோர் கேட்டால் எதைக் காட்டுவது? சுண்ணாம்புக் கோட்டையா?" என்றார். அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் ஒரு தாய், கணக்கு டீச்சர் பிள்ளைகளை மூடநம்பிக்கையில் வளர்க்கிறார் என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நிவேதாவிடம் கேட்டேன். "என்னடி கேட்டுச்சு உள்ள?"

"தண்ணிச் சத்தம் இல்லம்மா." பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "யாரோ மூச்சு விடற மாதிரி. மெதுவா. உள்ள இழுத்து, வெளிய விட்டு."

ஆழத்தில் காற்று அப்படித்தான் போய்வரும் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். அவளை இறங்கவிட்டதற்காக நான் அழுதேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவள், "எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்றாள்.

8

ஞாயிற்றுக்கிழமை தரை உள்ளே விழுந்தது. யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. பொன்னுசாமி கேட்டிலேயே இருந்திருக்கிறார். பின்புறத் தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்களும் எதையும் கேட்கவில்லை. பொன்னுசாமி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது மணல் குழி இருந்த இடத்தில் வெறும் இருட்டு.

திங்கட்கிழமை நாங்கள் போனபோது அது திறந்து கிடந்தது. செதுக்கிய கருங்கல் அடுக்கிய வட்டச் சுவர். உள்பக்கமாகக் கல் படிகள் சுற்றிச் சுற்றி இறங்கின. யாரோ மேலே மரச்சட்டங்கள் போட்டுக் கல் பரப்பி மண் மூடியிருக்கிறார்கள், சட்டம் உளுத்துவிட்டது. கீழே தண்ணீர் அசையாமல் இருந்தது. எல்கேஜி அறையின் முதல் படி அந்தரத்தில் நின்றது. முதல்வர் அம்மாள் என் கையைப் பிடித்தார். விட வெகு நேரமாயிற்று.

ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அதைப் பார்த்தபோது அல்ல.

மதியத்துக்குள் தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். தையல் கடைப் பெண் என்னிடம் சொன்னாள், "இந்தக் கிணறு எங்களுக்குத் தெரியுமே மேடம். இதுல ஒரு புதுப்பொண்ணு விழுந்துட்டா."

"நீங்க தெரியாதுன்னு சொன்னீங்களே?"

"எப்போ?" என்றாள். நடிக்கவில்லை. உண்மையாகவே புரியாமல் பார்த்தாள்.

மாவு மில்காரர் சொன்னபடி விழுந்தது புதுப்பெண் அல்ல, ஒரு கிழவர். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அவர் மகன் சிறுவனாக இருந்தபோது இதில் பந்தை விட்டுவிட்டு அழுதது நினைவிருக்கிறது. அவர் மகன் ஹாசனில் பிறந்து வளர்ந்தவன் என்று, நான் விசாரிக்கப் போனபோது அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சம்பத் மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேம்மா. வீடு கட்டறச்சே இதுலேர்ந்துதான் தண்ணி சேந்தினோம். தெளிவான தண்ணி."

"மாமா, ஒண்ணுமே இல்லை, வெறும் வெளின்னு சொன்னீங்களே."

"நானா?" அவர் என்னைக் கவலையோடு பார்த்தார், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது போல. "இந்தப் படியில உக்காந்துண்டு கால் அலம்புவேன். ஜில்லுன்னு இருக்கும்."

பொன்னுசாமி என் காதருகில் வந்தார். "டீச்சர், இவங்க அத்தன பேரும் பொய் சொல்றாங்களா, இல்ல இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இப்போதும் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் உள்ளேயிருந்து ஒரு கிணறு வந்திருக்கலாம். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே. அல்லது எல்லோரும் முதலிலிருந்தே அறிந்திருந்து, அறிந்ததே தெரியாமல் இருந்திருக்கலாம். நிவேதா மட்டும் ஒன்று சொன்னாள். நானும் அவர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் வந்தால் என் பாவாடையை வளர்மதி பிடித்துக்கொள்வாள் என்றேனாம். அந்தப் பக்கம் என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைவு.

மாநகராட்சியிலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். கிணற்றை நிரப்பி மேலே கான்கிரீட் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எல்கேஜி பிள்ளைகள் மாடியில்தான். அதிதிக்கு மட்டும் மாடி பிடிக்கவில்லை. மதிய உணவின்போது தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்கிறாள் என்று சிவம்மா சொல்கிறாள். இப்போது அவள் அதட்டுவதில்லை.

9

எங்கள் வீடு பள்ளியிலிருந்து நான்காவது குறுக்குத் தெருவில் இருக்கிறது. அதே லேஅவுட், அதே வரைபடம். எங்கள் மனைக்கும் அதில் ஒரு வெள்ளைக் கட்டம்தான்.

நிவேதாதான் முதலில் கேட்டாள், ஒரு சாயங்காலம், ஹாலின் நடுவில் நின்றுகொண்டு. "அம்மா, இதுக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. காலி மனைதான்."

"யார் சொன்னா?"

எங்களுக்கு விற்றவர் சொன்னார். அவருக்கு விற்றவர் அவரிடம் சொல்லியிருப்பார். ஒரு வட்டத்தை மீட்க வில்லில் ஒரு துண்டாவது வெளியே தெரியவேண்டும். எங்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் டைல்ஸ்.

அவள் குதிகாலால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தட்டுக்கும் நின்று கேட்டாள். போதும், தலை வலிக்கிறது என்று அதட்டி டியூஷனுக்கு அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து நான் தட்டினேன்.

சமையலறை வாசலில் சத்தம் மாறியது.

டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அப்படித்தான் கேட்கும் என்கிறார் சேகர். இரண்டு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்துவிடலாமா என்றேன். எதற்கு வீணாக, நன்றாக இருக்கும் தரையை என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

காலையில் மூன்று பேருக்கும் அவசரம். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சாவி என்று சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருப்போம். நான் அந்த இடத்தைத் தாண்டிக் கால் வைக்கிறேன். நிவேதாவும் தாண்டுகிறாள். நேற்று காபி எடுக்கப் போன சேகரைக் கவனித்தேன். கையில் செய்தித்தாள், கண் அதில்தான். வாசல் வந்ததும் அவர் காலும் ஓர் எட்டு நீண்டது.